கடல் தாண்டாத விண்ணோடி

1943 நவம்பர் 8, திங்கள்

ரேஷன் கடையில் இன்றும் அரிசி என்ற பெயரில் பாதி கல். வாங்கி வந்து மன்னியிடம் கொடுத்துவிட்டு அண்ணாவின் அத்தியாயத்தை நகல் எடுக்க உட்கார்ந்தேன்.

அண்ணாவின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். 'பம்பாய்த் தாரகை' ஆசிரியர் ஜகந்நாதன் தாதரிலிருந்து மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கே வந்து, அச்சுக் கோக்கிறவன் வேலையை விட்டுப் போகிறேன் என்கிறான் என்று முறையிட்டார். அன்றிலிருந்து 'விண்ணோடி' தொடர்கதைக்கு நான் நகல்காரி. ரயில்வே கணக்கு ஆபீஸிலிருந்து வந்ததும் அண்ணா எழுதுவான். மறுநாள் நான் திருத்தமாக எழுதி வைப்பேன்.

விண்ணோடி பகலில் பஞ்சாபகேசன் என்ற சாதாரண குமாஸ்தா. பலத்த காற்று காதில் புகுந்தால் ஆளே மாறிவிடுவான். வானத்தில் ஓடுவான், இரும்பை வளைப்பான், துப்பாக்கிக் குண்டு அவன் மேல் பட்டு உதிரும். தாதரிலிருந்து சயான் வரை தமிழ் படிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. உப்புத் தண்ணீர். கடல் மேலே போனால் பலம் அற்று விழுந்துவிடுவான். அதனால் எப்போதும் கரையோடு நின்றுவிடுவான்.

இந்த வாரம் பைகுல்லாவில் தடம் புரண்ட டிராமைத் தூக்கி நிறுத்தினான். உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

என் அகத்துக்காரரிடமிருந்து தகவல் இல்லை. சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து மலாயாத் தபாலே இல்லை என்று தெரிந்தும், தபால்காரன் படியேறும்போது கை நின்றுவிடுகிறது. ரப்பர் தோட்டத்தில் கணக்கு வேலை, குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்பதாம் வருஷம் கப்பல் ஏறினார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்று எழுதினார். அதற்குள் யுத்தம்.

1943 நவம்பர் 14, ஞாயிறு

அண்ணா காப்பி குடித்துக்கொண்டே கேட்டான்: "வாலா, நீதான் என் முதல் வாசகி. குறை நிறை ரெண்டும் சொல்லு. தயவு தாட்சண்யம் வேண்டாம்."

நிறையை முதலில் சொன்னேன். டிராமைத் தூக்குகிற பஞ்சாபகேசன், ஹெட் கிளார்க் இருமினால் நடுங்குகிறான். அது உண்மையாக இருக்கிறது. மொட்டை மாடியில் வந்து இறங்கும்போது உள்ளங்காலில் தார் ஒட்டிக்கொள்கிறது. காலையில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டே, இதற்கும் ரேஷன் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறான். அந்த இரண்டு வரியைப் படித்தால் ஆள் பறக்கிறதையும் நம்பத் தோன்றுகிறது.

"சரி, குறை?"

"உன் டாக்டர் காலகேயன் வாயைத் திறந்தா சிரிப்புதான். கெட்டவன்னா ஆத்துல உக்காந்து ஒரு வாய் சாதம் சாப்பிட மாட்டானா? பொம்மனாட்டிகளுக்குக் கூச்சல் போடறதைத் தவிர வேற ஜோலி இல்லை. அப்புறம், விண்ணோடி எப்பவும் சரியான நேரத்துக்கு வந்துடறான்."

"வராம இருந்தா கதை ஏதுடி?"

"வரட்டும். காப்பாத்தினவாளை எல்லாம் அப்புறம் எங்கே கொண்டு வெக்கறே? அடுத்த வாரம் ஒருத்தரையும் காணோமே. பயந்தவாளுக்கு மறுநாள் ஜுரம் வராதா?"

அண்ணா சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்தான்.

"அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றாள் மன்னி அடுக்களையிலிருந்து. நாகலக்ஷ்மி மன்னிக்கு எல்லா வியாதிக்கும் இதுதான் மருந்து.

1944 ஜனவரி 28, வெள்ளி

தை வெள்ளி. எதிர் வீட்டு அபயாம்பாள் மாமி வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்தாள். போகவா வேண்டாமா என்று மன்னி முகத்தைப் பார்த்தேன். "போயேன், உனக்கென்ன" என்றாள். சொன்ன வேகத்திலேயே அவளுக்கும் நிச்சயமில்லை என்று தெரிந்தது.

மாமி வரிசையாகக் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். சிமிழைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீயே எடுத்துக்கோடி கொழந்தே" என்றாள்.

நானே எடுத்து இட்டுக்கொண்டேன். நான் யார்? சுமங்கலியா? இல்லையா? இதை யாரிடம் கேட்பது?

1944 பிப்ரவரி 15

சிங்கப்பூர் விழுந்து இரண்டு வருஷம். வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

1944 ஏப்ரல் 14, வெள்ளி

சாயங்காலம் வீடே ஒரு தரம் குலுங்கியது. அலமாரியில் இருந்த பாத்திரங்கள் விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று மாடிப்படியெல்லாம் ஜனம் கூச்சலிட்டுக்கொண்டு இறங்கியது. தெற்கே வானம் முழுக்கப் புகை.

அண்ணா போரி பந்தர் ஆபீஸிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் கரி. துறைமுகத்தில் கப்பல் வெடித்து, எரிகிற பருத்தி மூட்டைகள் ஆகாயத்திலிருந்து விழுந்தனவாம். மன்னி அவன் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் சாப்பிடவில்லை. "ரோட்டுல ஒருத்தன் ஓடி வந்தான் வாலா. முதுகு எரியறது அவனுக்குத் தெரியலை" என்றான்.

1944 ஏப்ரல் 23, ஞாயிறு

ஜகந்நாதன் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஸார், துறைமுகம் எரிஞ்சபோது உங்க விண்ணோடி எங்கே போயிருந்தான்னு பப்ளிக் கேக்கறது. கடல் பக்கம், அதனால கரையோட நின்னுட்டான்னு எழுதினா என்னை அடிக்க வருவா. அந்த உப்புத் தண்ணி சமாச்சாரம் இனிமே வேண்டாம் ஸார். ஒரு மூலிகை கிடைச்சுது, பலவீனம் போச்சுன்னு ஒரு வரி போடுங்கோ. யுத்த காலம். பர்மாவுக்கு அனுப்புங்கோ. மலாயாவுக்கு அனுப்புங்கோ" என்றார்.

இவர் அங்கேதான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. மன்னி காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணா என்னைப் பார்க்காமல், "யோசிக்கிறேன்" என்றான்.

என்னைக் கேட்டால் அந்த உப்புத் தண்ணீர்தான் கதையின் முதுகெலும்பு. எல்லாம் முடிகிறவனைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது? கரையில் வந்து நின்று, எதிரியின் படகு போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானே, அப்போதுதான் அவன் மேல் எனக்குப் பிரியம் வருகிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. மலாயா என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே.

1944 மே 5, வெள்ளி

அண்ணா விண்ணோடியை அனுப்பிவிட்டான்.

மூலிகை, சமுத்திரம், மலாயாக் காடு. அங்கே ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருக்கிற தோட்டத்துக் குமாஸ்தா ஒருவன். வைத்தியநாதன் என்று பெயர் போட்டிருக்கிறான். ஆனால் காதில் செருகின பென்சில். யார் எதைச் சொன்னாலும் "ரைட்டு, ரைட்டு" என்கிற பேச்சு. இவரேதான். விண்ணோடி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பம்பாய்க்குக் கொண்டு வருகிறான். அவன் பெண்டாட்டி கதவைத் திறக்கிறாள்.

கதவைத் திறக்கிறாள் என்ற வரிக்கு மேல் நகல் எடுக்க முடியவில்லை.

1944 மே 6

அண்ணாவிடம் கேட்டேன். "முதல் அத்தியாயத்துலேயே கடல் தாண்டப்படாதுன்னு ஏன் வெச்சே?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தாண்டினான்னா முதல்ல எங்கே போகணும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வாராவாரம் இன்னிக்குப் போவானா, இன்னிக்குப் போவானான்னு நீ பார்த்துண்டு இருப்பே. அதுக்குப் பயந்துண்டுதான்."

"நான் பார்த்துண்டுதான் இருந்தேன் அண்ணா."

மத்தியானம் உட்கார்ந்து மீதியை நகல் எடுத்து முடித்தேன்.

1944 மே 19, வெள்ளி

'தாரகை' வந்தது. ஒரே பாராட்டு. தாராவியில் டீக்கடை வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, கூட்டம் கூடிக் கைதட்டியதாம். ஜகந்நாதன் ஆள் அனுப்பிச் சொன்னார். அபயாம்பாள் மாமிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணா வாக்குப் பலிக்கட்டும்" என்றாள்.

எனக்கு நானே உண்மை சொல்லிக்கொள்ள வேண்டும். இதுவரை அண்ணா எழுதினதிலேயே மட்டமான அத்தியாயம் இதுதான். அண்டம் கிடுகிடுத்தது, ஆழி அலறியது என்று அடைமொழி அடைமொழியாக அடுக்கியிருக்கிறான். காவலாளிகள் அட்டைப் பொம்மைகள். காட்டில் கொசுகூட இல்லை. அந்தப் பெண்டாட்டிக்குப் பேசக்கூட ஒரு வார்த்தை தரவில்லை.

ஆனால் இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நல்ல அத்தியாயம் எதையும் இப்படிப் படித்ததில்லை.

1944 ஆகஸ்ட் 2

மன்னி என் தலையணைக்கு அடியில் அந்த இதழைப் பார்த்திருக்கிறாள். பெட்ஷீட்டை மாற்றிவிட்டு, இதழைத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள்.

1945 ஆகஸ்ட் 15, புதன்

ஜப்பான் சரணடைந்துவிட்டது. தெருவில் பட்டாசு. மன்னி பாயசம் வைத்தாள். முதல் டம்ளர் எனக்கு.

1945 டிசம்பர் 9

கம்பெனிக்கு எழுதினோம். தோட்டத்துப் பழைய சிப்பந்திகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பதாகப் பதில். சர்க்காருக்கு எழுதினோம். அதுவும் அப்படித்தான். எதிர்ச் சாரியில் ஒரு பையன், செத்துப் போனான் என்று காரியம் செய்தவன், ரங்கூனிலிருந்து நடந்து வந்து சேர்ந்தானாம். மன்னி இதை எனக்குப் பலமுறை சொல்லிவிட்டாள்.

அண்ணா இப்போதெல்லாம் விண்ணோடியை வேண்டா வெறுப்பாக எழுதுகிறான். கடலையும் தாண்டிவிட்டவனுக்கு இனி என்ன வேலை? எல்லா அபாயமும் ஒரே மாதிரி இருக்கிறது.

1946 மார்ச் 17, ஞாயிறு

எப்படி எழுதறது இதை. எழுதாம எப்படி இருக்கறது.

முற்பகலில் மாடிப்படியில் யாரோ, "ரயில்வே மகாதேவய்யரு வீடு இதானா?" என்று கேட்டார்கள். கறுத்து மெலிந்த ஒருவர். முழங்காலுக்குக் கீழே புண் ஆறின தழும்பு. "எம் பேரு சொரிமுத்து. தாராவில எங்க அண்ணங்கிட்ட வந்திருக்கேன். மலாயாத் தோட்டத்துல இருந்தவன். கணக்கு எழுதுன கிராணி ஐயா, ஜம்புநாதையரு, அவிய வீட்டம்மா இங்கனயா இருக்காவ?"

நான்தான் என்றேன். அண்ணா உள்ளே வரச் சொன்னான். நாற்காலி காட்டியும் வாசலை ஒட்டித் தரையில்தான் உட்கார்ந்தார்.

"ஐயா சயாம்ல..." என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சயான் என்று காதில் விழுந்தது. சயான்! அடுத்த ஸ்டேஷன்! ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து செருப்பைத் தேடினேன். "சயான்ல எங்கே? அண்ணா, வா, போலாம். மன்னி, ஒரு வேஷ்டி எடுங்கோ" என்றேன். மன்னியும் எழுந்து பீரோவைத் திறந்துவிட்டாள்.

சொரிமுத்து என்னைப் பார்த்தார். "சயான் இல்ல தாயி" என்றார். "சயாம். ரயில் போடுததுக்கு ஜப்பான்காரன் கொண்டுபோன காடு."

உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றினபோது, பேர் எழுத ஆள் வேண்டும் என்று இவரையும் ஏற்றிக்கொண்டார்களாம். மூன்றே மாசம் என்று சொல்லி. அங்கே போன பிறகு ஒரே மழை. விடிந்ததும் பேர் கூப்பிடுவாராம். கூப்பிட்டும் எழுந்திருக்காதவனை இவரே போய்த் தட்டிப் பார்ப்பாராம். ஜுரக்காரனைக் காட்டிக் கொடுக்காமல் வேலைக்குப் போனதாக எழுதினதற்காக ஒரு தரம் அடி வாங்கினாராம். அப்புறம் அந்தப் பக்கம் காலரா வந்தது.

"காலைல பேரு வாசிச்சாவ. மத்தியானம் வாந்தி எடுத்தாவ. பொழுது சாயும்போது ஆளு இல்ல. நானும் இன்னும் ரெண்டு பேரும்தான் தூக்குனோம். பொதைக்கல தாயி, எரிச்சோம். ஐயராச்சேன்னு தனியா எரிக்கதுக்கு ஏலல. எல்லாரோடயுந்தான்."

"எப்போ?" என்றான் அண்ணா.

"தேதி தெரியாதுய்யா. நாப்பத்தி மூணு. நம்ம ஆடி மாசமா இருக்கும்."

நான் கேட்டேன்: "ஏதாவது சொன்னாரா?"

தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னாவன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். பொய் சொல்லுததுக்கு மனசில்ல. பேச ஏலல தாயி. கையில கொண்டாரதுக்கும் ஒண்ணுமில்ல. உடுத்தியிருந்தத எல்லாம் சேத்து எரிக்கச் சொல்லிட்டான்."

எப்படி வீட்டைக் கண்டுபிடித்தார் என்று அண்ணா கேட்டான். "எங்க அண்ணன் தாராவின்னு சொன்னதுலேர்ந்து ஐயா அதையேதான் சொல்லுவாவ. 'ரெண்டு பேரும் ஒரே ரயில்ல போலாம்டா. நான் மாட்டுங்கா, நீ அடுத்த ஸ்டேஷன்'னு. மச்சினரு மகாதேவய்யரு, ரயில்வேல வேலைன்னும் சொல்லுவாவ."

மன்னி அவருக்குக் காப்பி கொண்டு வந்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் முதலில் அழுதது அவர்தான்.

1946 மார்ச் 18

குங்குமத்தை நானே அழித்தேன்.

1946 ஏப்ரல் 6

மன்னார்குடி, புக்ககம். அவருடைய தமையனார் காரியம் செய்தார். மாமியார் நாவிதனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் தலையும் மழித்துத்தான் இருக்கிறது. அவளுக்கு அது சாதாரணம். நான் கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கத் தோன்றவில்லை, என்ன வந்தாலும் ஒன்றுதான் போல இருந்தது.

அண்ணா குறுக்கே வந்து நின்றான். "என் தங்கை தலையில யாரும் கை வெக்கப்படாது" என்றான். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். எல்லாரும் கத்தினார்கள். அவன் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னான். வேறு வாக்கியம் அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கே ரயில் ஏறிவிட்டோம்.

1946 ஏப்ரல் 20

கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆடி மாசம் என்றால், அபயாம்பாள் மாமி சிமிழை நீட்டினபோது இவர் இல்லை. துறைமுகம் வெடித்தபோது இல்லை. விண்ணோடி தோளில் தூக்கிக்கொண்டு வந்தானே, தாராவியில் கைதட்டினார்களே, அப்போது இவர் சாம்பலாகி வருஷம் திரும்பப்போகிற சமயம்.

காலகேயன்கூட இப்படி ஒன்று செய்ததில்லை.

1946 மே 12

அண்ணா எழுதுவதை நிறுத்திவிட்டான். ஜகந்நாதன் வந்து கெஞ்சினார். நடந்தது தெரிந்ததும் எழுந்து நின்று, "நான்தானே ஸார் மலாயான்னேன்" என்றார். பாவம். அண்ணா அவரை வாசல்வரை கொண்டுவிட்டான். தொடரை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறாராம். விண்ணோடி இப்போது வாரத்துக்கு ஒரு சமுத்திரம் தாண்டுகிறான்.

1946 ஜூன் 24

மன்னி இன்று என்னைக் கையைப் பிடித்துத் தெருக்கோடி டைப்ரைட்டிங் வகுப்புக்கு அழைத்துப் போனாள். வழியில் நல்ல காரியத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று எதிரே வந்தது. நான் ஒதுங்கப் பார்த்தேன். மன்னி பிடியை விடவில்லை. "நடடி. நமக்கும் காரியம் இருக்கு" என்றாள்.

1946 செப்டம்பர் 8, ஞாயிறு

ஊரில் கலவரம். கத்திக்குத்து, ஊரடங்கு. யாரும் வெளியே போகவில்லை.

மதராஸ் பதிப்பாளர் ஒருவர் 'விண்ணோடி'யைப் புஸ்தகமாகப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அண்ணாவுக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. "நீ படி. குறை நிறை சொல்லு. உன் தீர்ப்பு எதுவோ அதன்படி செய்யறேன்" என்று இதழ்க் கட்டை என் முன்னால் வைத்துவிட்டான். முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தோன்றினதை எழுதி வைக்கிறேன்.

இதற்கு உயிர் இருக்கிறது. காற்று வந்து காதில் புகுகிற இடம் ஒவ்வொரு தரமும் மெய்சிலிர்க்கிறது. பம்பாய் இருக்கிறது, மில் சங்கும் மழைச்சேறும் நெரிசலும். பஞ்சாபகேசன் தன் பலத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் ஆபீஸில் திட்டு வாங்கிக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டதற்காகவே நம் ஆளாகிவிடுகிறான். சொல்லுகிற வேகத்தில் பக்கம் தானே திரும்புகிறது.

குறைகள் நான் முன்னே சொன்னவைதான். சிரித்துக்கொண்டே இருக்கும் வில்லன். கூச்சலிடும் பெண்கள். தற்செயல்கள். காப்பாற்றப்பட்டவர்கள் காணாமல் போவது. அதற்கெல்லாம் மேலே ஒன்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. யாருக்கும் எதுவும் நஷ்டமாவதில்லை. ஒரு விரல்கூட. நஷ்டமே இல்லாத இடத்தில் வீரத்துக்கு என்ன வேலை? அவன் கரையில் நின்று தோற்கிற இரண்டு மூன்று அத்தியாயங்களில்தான் அவன் வீரன். மலாயாவுக்குப் போனதும் கதை செத்துவிடுகிறது. அதற்கப்புறம் வருவதெல்லாம் வெறும் வேலை.

அந்த அத்தியாயத்தை எடுக்க வேண்டும்.

எழுதிவிட்டேன். இனி வாயால் சொல்ல வேண்டும்.

1946 செப்டம்பர் 10

மன்னி கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணா சும்மா உட்கார்ந்திருந்தான்.

"மலாயா அத்தியாயமும் அதுக்கப்புறம் வந்ததும் வேண்டாம் அண்ணா. கரையில நிக்கறதோட முடிச்சுடு."

"நீயா சொல்றே?"

"ஆமாம்."

"அதுல ஒருத்தன் ஆத்துக்கு வந்து சேர்ந்துடறானே வாலா. அது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு..."

"அது கதையில்லை அண்ணா. அது நீ எனக்கு வாங்கிக் கொடுத்த மிட்டாய். நான் தின்னு முடிச்சுட்டேன்."

மன்னி அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். அண்ணா அந்த மலாயா இதழை இதழ்க் கட்டிலிருந்து பிரித்து எடுத்தான். கிழிக்கட்டுமா என்பது போல என்னைப் பார்த்தான். வேண்டாம் என்றேன். பழைய பேப்பரோடு போட்டுவிடு என்றேன்.

அவன் போட்டான். நான் சாயங்காலம்வரை அந்தப் பக்கம் போகவில்லை. பேப்பர்காரன் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போனான். அவன் தராசு ஏறினதும் இறங்கினதும் காதில் விழுந்தது. இவரை இரண்டாம் தரம் அனுப்பினேன் என்று எழுதினால் மிகையாக இருக்கும், அண்ணாவின் அடைமொழி மாதிரி. ஆனால் அப்படித்தான் இருந்தது.

1947 பிப்ரவரி 16

புஸ்தகம் வந்தது. தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் பேசினார். "கதாநாயகனின் பலவீனமே நூலின் பலம்" என்றார். கைதட்டினார்கள். அண்ணா எழுந்து நன்றி சொல்லும்போது, இந்த நூலை முடித்தவள் என் தங்கை என்றான். ஜனங்கள் நகல் எடுத்ததைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1947 மார்ச் 3

கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் எனக்கு உட்கார இடம் விட்ட மராட்டிக்காரி, புருஷன் என்ன வேலை என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தான் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் பாதியைக் கொடுத்தாள்.

1947 ஜூன் 15, ஞாயிறு

நல்ல மழை. சொரிமுத்து வந்தார். மலாயாவுக்கே திரும்பிப் போகிறாராம்.

"தோல் கிடங்கு நாத்தம் எனக்கு ஒத்துக்கிடல. பழைய தோட்டத்துல ஆளு எடுக்கான். கப்பலும் விட்டுட்டான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் தாயி."

அந்த ஊருக்கே திரும்ப எப்படி மனசு வருகிறது என்று மன்னி கேட்டாள். "சயாமுக்குப் போகலியே அம்மா. தோட்டத்துக்குத்தான போறேன். தோட்டம் என்ன செஞ்சுது" என்றார்.

அவர் கிளம்பும்போது மழை வலுத்தது. விடட்டும் என்று வாசலில் நிறுத்தி வைத்தோம். மன்னி கொடித் துணிகளை எடுக்க ஓடினாள். சும்மா இருக்கிற நேரத்தில், இத்தனை நாள் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டேன்.

"அவர் இருந்த வீட்டை நீங்க பார்த்திருக்கேளா? குவார்ட்டர்ஸ் கிடைச்சுதுன்னு எழுதினார். எப்படி இருந்ததுன்னு எழுதறதுக்குள்ள தபால் நின்னு போச்சு."

"பாக்காம என்ன? தெனமும் போற வழிதான. பலக வீடு. கீழ நாலு கட்டையில தூக்கி நிறுத்தியிருக்கும். பின்னால ஒரு பலா நின்னுச்சு. முன்னால ஐயா துளசி வச்சாவ, அது வரல. பின்ன வெண்டைக்கா போட்டாவ. அது காச்சுக் கொட்டுச்சு. எங்க எல்லாருக்கும் குடுத்தாவ."

"உள்ளே?"

"உள்ள என்ன, ஒரு ஆளு வீடு." யோசித்தார். "சந்தையில மூங்கி நாக்காலி ரெண்டு வாங்கிப் போட்டிருந்தாவ. ஒண்ணுலதான் உக்காருவாவ. இன்னொண்ணுல நாங்க துண்டப் போட்டாக்கூட எடுத்து வெளில வச்சிருவாவ. யாருக்குய்யா இதுன்னு கேட்டா, 'வருவா'ம்பாவ."

மழை விட்டது. அவர் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன், சயான் பக்கம் திரும்பி நடந்தார்.

மன்னி துணியை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டே, "வாசல்ல நின்னு என்னடி சொல்லிண்டிருந்தார்?" என்றாள்.

"அவர் இருந்த ஆத்தைப் பத்தி."

"எப்படி இருந்ததாம்?"

"நன்னா இருந்ததாம் மன்னி" என்றேன்.